எதிர்ப்பட்டியில் தம்பி

பாட்டன் காலத்திலிருந்து மலைமேல் கூடும் ஆட்டுச் சந்தைக்கு அண்ணன், தம்பி இருவருமே மந்தை ஓட்டி வருவார்கள். மேய்ச்சல் நிலத்தைப் பிரித்தபோது வாய்த்தகராறு முற்றி, பதினோரு வருடமாகப் பேச்சில்லை. ஆனாலும் சந்தைக்கு வந்ததும் அண்ணன் ஓரக்கண்ணால் எதிர்ப்பட்டியைத்தான் பார்ப்பார், தம்பி இளைத்திருக்கிறானா என்று.

இந்த வருடம் அங்கே தம்பி மனைவி தனியாக நின்றாள். அவர் தயங்கித் தயங்கிப் போனார்.

"அவன் வரலையாம்மா?"

"பனிக்காலத்துல மார்ச்சளி வந்து போயிட்டார், மாமா. பாதை மூடிக் கிடந்துச்சு, சொல்லி அனுப்ப முடியலை." குனிந்து ஒரு குட்டியைத் தூக்கியபடி சொன்னாள்: "போன சந்தையில உங்ககிட்ட பேசணும்னு பாதி தூரம் வந்தாராம். நீங்க முகத்தைத் திருப்பிக்கிட்டீங்களாம்."

அவன் வருவதைக் கண்டு அன்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கத்தான் திரும்பினார்.

இந்தச் சந்தையில் அவர் ஒரு குட்டியும் விற்கவில்லை. சாயங்காலம் இரண்டு மந்தையையும் சேர்த்து ஓட்டிக்கொண்டு இறங்கினார்கள். எல்லா ஆட்டுக்கும் அப்பா காலத்திலிருந்து அடையாளத்துக்குப் போடும் ஒரே காதுவெட்டு. எது யாருடையது என்று தெரியவில்லை. மணிச்சத்தத்தில் கேட்காது என்று நினைத்து அவர் வாய்விட்டு அழுதார். முன்னால் போனவளுக்குக் கேட்டது. அவள் திரும்பாமல் நடந்தாள்.