சீப்பு நின்றபோது

கணவர் இறந்த பிறகு திண்டிவனம் வீட்டில் நானும் அவர் வளர்த்த டெரியர் நாய் ஜிம்மியும்தான். அதற்குத் தேங்காய் நார் மாதிரி முரட்டு முடி. கத்தரி போடக் கூடாது, செத்த முடியை விரலால்தான் பிடுங்க வேண்டும் என்பார். தினமும் மாலையில் வாசற்படியில் உட்கார்ந்து சீவிப் பிடுங்குவேன். சீப்பு நின்றால் ஜிம்மி என் கையைத் தலையால் முட்டும்.

ஒருநாள் பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் நின்று பார்த்தாள்.

“நாயிக்கு இப்டி சீவிக்கினு இருக்கீங்க. உங்க தலைய பாருங்கக்கா, சிக்கு புடிச்சி கெடக்குது!”

தன் சீப்பை எடுத்துவந்து, மேல்படியில் உட்கார்ந்து, என் கொண்டையை அவிழ்த்தாள். துக்கம் கேட்க வந்தவர்கள் போன பிறகு என்னை யாரும் தொட்டதேயில்லை. சிக்கெடுத்துப் பின்னி முடித்தாள்.

“அவ்ளோதாங்க்கா.”

நான் எழுந்திருக்கவில்லை. என் தலை, ஜிம்மி மாதிரியே, அவள் கையை முட்டியது.