இருபது செடிக்கு ஒருமுறை

எனக்குப் பத்து வயதானபோது அம்மாவின் முதுகுவலிக்கு மூன்று வயது. வீட்டில் நாங்கள் மூன்று பேர், வலியையும் சேர்த்தால் நான்கு. அதற்குத்தான் செல்லம் அதிகம். பள்ளிக்குக் கிளம்பும்போது "வலிக்குதாம்மா?" என்று கேட்பேன். திரும்பி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் இன்னொரு முறை. அம்மா பாத்திரத்தை மெதுவாக வைத்தாலும் கேட்பேன், சத்தமாக வைத்தாலும் கேட்பேன். கேட்காமல் விட்டால் அந்த நேரம் பார்த்து ஏதாவது ஆகிவிடும் என்று பயம்.

பயப்படக் காரணமும் இருந்தது. பந்தலூர்ப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில், அம்மாவின் வேலைக்காகக் கொடுத்த லயத்து வீட்டில்தான் குடியிருந்தோம். அப்பாவுக்குக் கிடைத்த இடத்தில் கூலி வேலை. அம்மாவின் வேலை போனால் வீடும் போய்விடும். வலிக்காக அம்மா எடுத்த லீவு முடியும் சமயத்தில், வேலையை மேற்பார்க்கும் கங்காணி வாசலில் நின்று, "ஒரு வாரம் பாப்பேன். பாதியில உக்காந்துட்டா தொரைகிட்ட சொல்லித்தான் ஆவணும்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. அதனால் கூடலூரில் மனநல ஆலோசகர் ஒருவரிடம் போகச் சொன்னார்கள். சின்ன வயது அக்கா. அவர் அப்பாவிடம், "ஸ்கேன்ல இல்லைன்னா வலி பொய்யின்னு இல்லைங்க, வலி நெசந்தான். ஆனா ஊட்டுல யாரும் அதப் பத்திக் கேக்காதீங்க. கேக்கக் கேக்க மனசு அங்கயே போயி உக்காந்துக்கும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "உனக்குந்தான் பாப்பா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவிடம் தனியாகப் பேச வேண்டுமென்று எங்களை வெளியே அனுப்பினார். யாரும் பேசவே கூடாத அளவுக்குப் பெரிய நோய் என்று நான் வராந்தாவிலேயே முடிவுகட்டிவிட்டேன்.

அதன்பின் வீட்டில் கேள்விக்குத் தடை. நான் "அம்மா" என்று ஆரம்பித்தாலே அப்பா முறைப்பார். அம்மா வேலைக்குப் போய்த் திரும்பிய ஐந்து நாளும் அவள் நடையையும் மூச்சையும் திருட்டுத்தனமாகக் கவனித்து வந்தேன்.

ஆறாம் நாள் சனிக்கிழமை, பள்ளி இல்லை. தூக்கில் அம்மா குடிக்கப் பாலில்லாத சாயத்தண்ணி எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். பெண்களெல்லாம் அவரவர் நிரையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா மட்டும் செடிக்கு நடுவே கையைத் தொங்கவிட்டு, கண்ணை மூடி நின்றாள். உதடு மட்டும் அசைந்தது.

"அம்மா! வலிக்குதா?"

ஐந்து நாளாக அடக்கி வைத்தது மலை முழுக்கக் கேட்டது. பெண்கள் பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். பின்னாலேயே கங்காணி. "என்னம்மா, முடியலயா? நான் அப்பவே சொன்னேனே."

அம்மா கண்ணைத் திறந்து முதலில் என்னைத்தான் பார்த்தாள். "நல்லாத்தானே இருந்தேன் புள்ள" என்றாள், ரொம்ப மெதுவாக. கங்காணியிடம், "ஒண்ணுமில்லைங்க, எடுக்குறேன்" என்று செடியில் கை வைத்தாள்.

அந்த அக்கா தனியாகச் சொன்னது என்னவென்று நான் பெரியவளான பிறகுதான் அம்மா சொன்னாள். வலி வந்தபின் நிற்பது தோல்வி, வருமுன்பே நிற்பதுதான் வைத்தியம். இருபது செடிக்கு ஒருமுறை கையை எடுத்து, கண்ணை மூடிப் பத்து மூச்சு எண்ண வேண்டும். யார் கண்ணிலும் படாமல் அப்படித்தான் அந்த ஐந்து நாளையும் ஓட்டியிருக்கிறாள். நான் கத்தும்போது ஏழாவது மூச்சில் இருந்தாளாம்.

அப்புறம் கங்காணி அவள் நிரையை விட்டு நகரவில்லை. அம்மாவும் சாயங்காலம் கொழுந்து நிறுக்கும் வரை ஒருமுறைகூட நிற்கவில்லை. நான் கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குக் குணமாகிவிட்டது என்று அழுகையே வந்தது. நான் கேட்டதால்தான் குணமானது என்று கொஞ்சம் பெருமையும்தான். "சரி, திங்கக்கெழமையும் வா" என்றார் கங்காணி.

மறுநாள் ஞாயிறு. எங்கள் வீட்டைக் காப்பாற்றியது அந்த ஒரு நாள் விடுமுறைதான். அம்மாவால் பாயை விட்டு எழ முடியவில்லை. அப்பா வெந்நீரில் துணியை நனைத்து ஒற்றடம் கொடுத்தார். என்னை யாரும் திட்டவில்லை. நான் கதவோரம் உட்கார்ந்திருந்தேன். நேற்று அரை நிமிடம்கூட நிற்காமல் அவ்வளவு நன்றாக வேலை செய்தவளுக்கு ஒரே ராத்திரியில் என்ன வந்துவிட்டது என்று எனக்கு விளங்கவேயில்லை. கேட்கவும் கூடாதே.