திரையில் என் பழைய பெயர்

எங்கள் தீவில் புதிதாக ஒருவரைக் கண்டால் பெயர் கேட்க மாட்டார்கள். "ஆற்ற பிள்ளை?" என்றுதான் கேட்பார்கள். யாருடைய பிள்ளை என்று அப்பாவின் பெயரைச் சொன்னால் போதும், எந்த வளவு, எந்தக் கோயிலடி எல்லாம் அவர்களே சொல்லிவிடுவார்கள். புங்குடுதீவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, அந்தக் கேள்வி மட்டும் இலண்டன் வரை போய்க் குடியேறியிருக்கிறது. பெண்ணாக வாழத் தொடங்கிய பிறகு நான் அதிகம் பயந்தது அதற்குத்தான்.

யாழ்ப்பாண நகரில் ஒரு மென்பொருள் கொம்பனியில் எனக்கு வேலை. கம்பஸில் என்னோடு படித்தவளும் அங்கேதான். எல்லாரையும் போல என்னை 'மச்சான்' என்று கூப்பிட்டுக்கொண்டு திரிந்தவள், நான் விஷயத்தைச் சொன்ன அன்று ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள். "அப்ப இனி மச்சாள். சரி, சாப்பிடப் போவமா? பசிக்குது," என்றாள். அவ்வளவுதான். வீட்டில் அப்பா என்னோடு கதைப்பதை நிறுத்தியிருந்த காலம் அது. அந்த ஒரு 'மச்சாளை' வைத்தே ஒரு வருடத்தை ஓட்டினேன்.

ஒபிஸில் பெயருக்காகச் சண்டை பிடித்ததும் நாங்கள் இருவரும்தான். அடையாள அட்டையிலும் மின்னஞ்சலிலும் அவரவர் சொல்லும் பெயரே இருக்க வேண்டும் என்று கடிதம் எழுதி, மேசை மேசையாகப் போய்க் கையெழுத்து வாங்கினோம். முதல் கையெழுத்து அவளுடையது. தயங்கிய பொடியன்களை, "போடாட்டிப் பார், இனி நீ எழுதின கோட் உடைஞ்சால் நான் எட்டியும் பாக்கமாட்டன்," என்று மிரட்டியதும் அவள்தான். வென்றோம்.

ஒன்று மிச்சம் இருந்தது. நாங்கள் எழுதும் நிரலில் யார் எந்த வரியை எப்போது எழுதினார், யார் அழித்தார் என்று கணினி தானாகவே குறித்து வைக்கும். பழைய வரிகளில் எல்லாம் என் பழைய பெயர், அப்பாவின் பெயரோடு சேர்ந்து. அதற்கும் வழி உண்டு. ஒரு சின்ன ஃபைல் போட்டால் பழைய பெயர் வரும் இடமெல்லாம் புதிய பெயர் தெரியும். போட்டேன். அவள் பக்கத்தில் நின்று கைதட்டினாள்.

பிறகு அவள் எங்கள் அணிக்குத் தலைவியானாள். நாங்கள் செய்துகொண்டிருந்தது நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகும் படகுகளில் இருக்கை பதிகிற செயலி. சோழகக் காற்று கடுமையானால் பதிவு தானாக நின்று, பயணிகளுக்குச் செய்தி போக வேண்டும். அந்தப் பகுதி முழுக்க என்னுடையது. பெயர் மாற முதலே குறிகட்டுவான் துறையில் நின்று நனைந்து நனைந்து படகோட்டிகளிடம் கேட்டு எழுதியது. காசு கொடுத்துச் செய்விக்கிறவர் இலண்டனில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர். அவர் நேரில் பார்க்க வருகிறார், விளக்கப்போவது நான் என்று முடிவாகியிருந்தது.

அன்று காலை அவள் வந்தாள். "மச்சாள், நானே கதைக்கிறன். நீ பக்கத்தில இரு. அங்கிள் உங்கட ஊர் ஆள். தேவையில்லாத கதை வரும்."

விசரி நான், சரி என்றேன்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. காற்றுப் பகுதி வந்ததும் அவர் கதிரையை முன்னால் இழுத்தார். "இது ஆர் எழுதினது? கடல் தெரிஞ்சவனெல்லோ எழுதியிருக்கிறான்!"

அவள் அந்தப் பகுதியைத் திறந்தாள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், நான் ஃபைல் போட்டு மறைத்த பழைய பெயர், அப்பாவின் பெயரோடு.

"அட, இவன்ர தேப்பனும் நானும் ஒரே பள்ளிக்கூடம்! பொடியன் எங்க?"

"அவர் இண்டைக்கு லீவு, அங்கிள்," என்றாள் அவள்.

நான் ஒரு கை தூரத்தில் இருக்கிறேன். அவர் என் பக்கம் திரும்பினார். "பிள்ளை எவ்விடம்?"

"புங்குடுதீவு."

"ஆற்ற பிள்ளை?"

அப்பாவின் பெயரைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "அப்ப இவன்ர தங்கச்சியோ?"

நான் வாய் திறக்க முதல் அவள் முந்திக்கொண்டாள். "ஓம் அங்கிள், தங்கச்சிதான்."

"தங்கச்சி இல்லை," என்றேன். "எழுதினது நான்தான். அது என்ர பழைய பேர்."

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். "கொப்பருக்குத் தெரியுமோ?"

"தெரியும். அப்பா கதைக்கிறேல்லை."

தேத்தண்ணியை எடுத்து ஒரு மிடறு குடித்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், ஆனால் என்னிடம்தான், கேட்டார்: "காத்து அடங்கினா பதிவு தானாத் திறக்குமோ, இல்லாட்டி ஆராவது திறக்கவேணுமோ?"

இவ்வளவுதான். இந்த மனிசனுக்குப் பயந்தா என்னை லீவில் அனுப்பினாள்?

அவர் போனதும் கணினி குறித்து வைத்திருந்ததைத் திறந்து பார்த்தேன். என் ஃபைல் முந்தின நாள் பின்னேரம் நீக்கப்பட்டிருந்தது. காரணம்: 'தேவையில்லாதது'. நீக்கியவர் பெயர் அவளுடையது.

"உனக்காகத்தான்டி செய்தனான்," என்றாள். "பழைய பேர் கிடந்தா ஆரோ பொடியன், லீவு எண்டு சமாளிக்கலாமெண்டு நினைச்சன். அங்கிள் குழம்பி எல்லாத்தையும் நிப்பாட்டினா உன்ர வேலைதான் முதல்ல போகும்."

"ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டா ஓமெண்டிருப்பியோ?"

"இல்லை."

"அதுதான் கேக்கேல்லை."

ஃபைலைத் திரும்பப் போட்டேன். நான் போட்டது, அவள் எடுத்தது, நான் திரும்பப் போட்டது, மூன்றும் ஒன்றின் கீழ் ஒன்றாகத் தெரிந்தன. அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மச்சாள்," என்றாள், குரலை இறக்கி. "நான் எடுத்தது அதில தெரியுது. கையெழுத்துப் போட்ட ஆக்கள் எல்லாரும் பாப்பினம். அந்த ஒண்டை மட்டும் அழிச்சு விடன்."

அழிக்கலாம். எப்படி என்று எனக்குத் தெரியும், ஐந்து நிமிட வேலை.

"ஏலாது."

"ஏன் ஏலாது?"

"அதில உன்ர பேர் சரியாத்தானே கிடக்கு," என்று சொல்லிவிட்டு லப்டொப்பை மூடினேன்.