இரண்டு பேரிடம் மணி கேட்பவர்

விராலிமலையில் எங்கள் சின்ன மென்பொருள் அலுவலகத்துக்குச் சோதனைகளைச் சரிபார்க்க ஒருவர் வந்திருந்தார். நரைத்த மீசை, கசங்காத சட்டை, கையில் வாட்ச். ஆனாலும் மணியை எங்களில் இரண்டு பேரிடம் கேட்பார். எங்கள் வேலைக்கு உலை வைக்கத்தான் வந்திருக்கிறார் என்று எனக்குச் சந்தேகம்.

தேதியும் நேரமும் சொல்லும் நிஜக் கடிகாரச் சிப்பைப் போலவே நடக்கும் ஒரு மென்பொருளைச் செய்திருந்தோம். மறுநாள் அனுப்ப வேண்டும். தானியங்கிச் சோதனைகள் அத்தனையும் பச்சை, அதாவது பாஸ்.

"இது எங்கேர்ந்து மணி எடுக்குதுங்க?" என்றார்.

"கம்ப்யூட்டர்லேர்ந்து, சார்."

"சரியான்னு டெஸ்ட் யாரைக் கேக்குது?"

"அதே கம்ப்யூட்டரை..." என்று இழுத்தேன்.

"அப்ப ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கும்?"

கம்ப்யூட்டர் நேரம் மென்பொருளுக்குப் போகாமல் துண்டித்தார். டிசம்பர் முப்பத்தொன்றின் கடைசி நொடியைத் தானே கொடுத்து, ஒரு நொடி நகர்த்தினார். தேதி மாறியது. வருடம் மாறவில்லை. திரை சிவந்தது.

"இனிமே ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் நேரத்தை நீங்களே குடுங்க."

சாயங்காலம் டீக்கடையில் என்னிடம் மணி கேட்டார். போனைப் பார்த்து ஐந்தரை என்றேன். கடைக்காரரிடமும் கேட்டார். கடைக்காரர் என் போனை எட்டிப் பார்த்து, "அஞ்சரைங்க" என்றார்.

வந்தவர் பஸ்ஸுக்கு நின்ற வேறொருவரிடம் போனார். அந்த வாட்ச்சை எதற்குத்தான் கட்டியிருந்தாரோ!