நஜ்முன் நிஸா மெட்ராசுக்குப் போகும் காரணம்

திருகோணமலைப் பக்கம், கிண்ணியாவில் காரணமில்லாமல் ஒருவரும் கடல் கடப்பதில்லை. ஹஜ்ஜுக்குப் போவார்கள், கட்டாருக்கு வேலைக்குப் போவார்கள், மருந்தெடுக்கப் போவார்கள், சாமான் எடுக்கப் போவார்கள். ஐம்பத்தாறு வயது நஜ்முன் நிஸா இருபது வருடமாகச் சாமான் எடுக்கத்தான் மெட்ராஸ் போய்வந்தாள். அப்படித்தான் ஊர் நினைத்தது, கணவர் ஸைனுலாப்தீனும் நினைத்தார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அவர்களுக்கு ஒரு புடவைக்கடை. அவர் கடையைப் பார்ப்பார், அவள் விமானம் ஏறுவாள். இருபத்திரண்டு தடவை போயாயிற்று.

உண்மையைச் சொன்னால், சாறி எடுக்கிற வேலை இரண்டு நாளில் முடிந்துவிடும். அவள் ஆறு நாள் நிற்பாள். மிச்ச நாலு நாளும் என்ன செய்கிறாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அல்லவா தெரியும்! மண்ணடியில் லொட்ஜில் பையை வைத்துவிட்டு, முகங்கூடக் கழுவாமல் தெருவில் இறங்குவாள். முதல் வேலை, கடற்கரை ரயில் நிலையத்தில் தாம்பரத்துக்கு டிக்கெட் எடுத்து, பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் பிடித்து, கடைசி வரை போய் அடுத்த ரயிலில் திரும்பி வருவது. தாம்பரத்தில் அவளுக்கு ஒரு அலுவலும் கிடையாது. மல்லிகைப்பூ விற்கிறவள், ஊசி விற்கிறவள், ஊர் பார்க்கச் சண்டை பிடிக்கிற மாமியும் மருமகளும், இவர்களையெல்லாம் கண் வெட்டாமல் பார்ப்பதுதான் அலுவல். பிறகு திருவல்லிக்கேணியில் ஒரு ரோஸ்மில்க். பொழுதுபட மெரினாவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு நடை. கிண்ணியாவில் அப்படி நடந்தால் மஃரிப் தொழுகைக்குள் ஊர் முழுக்கக் கதை. அங்கே இவளை யார் கண்டார்கள்?

இந்தச் சுகம் ஒரு தடவை போனவர்களுக்கு விளங்காது, திரும்பத் திரும்பப் போகவேண்டும். ஒரு வருடம் மண்ணடியில் தெருவை மறித்துத் தகரம் அடித்திருந்தார்கள். அடுத்த தடவை தகரத்துக்குப் பின்னால் பெரிய குழி. அதற்கடுத்த தடவையும் குழிதான். வருடக்கணக்காக அந்தக் குழியை ஏசி ஏசிச் சுற்றி நடந்தாள். பிறகொரு தடவை போனால், குழி இருந்த இடத்தில் படிக்கட்டு, கீழே குளுகுளுவென்று மெட்ரோ ரயில்! தானே பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்துக் கட்டுவித்த மாதிரிப் பெருமை அவளுக்கு. லொட்ஜுக்கு எதிரே தேநீர்க் கடைக்காரர் முதல் தடவை முகம் பார்க்காமல் கிளாஸை வைத்தார். ஐந்தாம் தடவை சொல்லாமலே சீனியைக் குறைத்தார். பத்தாம் தடவை, சிலோன் அக்கா ஏன் இவ்வளவு லேட்டு என்று கோபித்துக்கொண்டார். அந்தக் கோபத்தை நினைத்து நினைத்துக் கட்டுநாயக்கா விமான நிலையம் வரும்வரை சிரித்தாள். அன்னிய ஊரில் தன்னைத் தேட ஒரு ஆள் இருக்கிறான் என்றால் சும்மாவா?

வினை மகளின் உருவில் வந்தது. ரிப்கா கடையைப் பொறுப்பெடுத்தாள். மெட்ராஸ் வியாபாரி வாட்ஸ்அப்பில் சாறியை விரித்துக் காட்ட, இவள் பார்த்துத் தலையாட்ட, பெட்டி வீடு தேடி வந்தது. உம்மா இனி அலையத் தேவையில்லை என்று பிள்ளை பாசத்தில்தான் சொன்னாள். நிஸாவுக்கு வயிறு எரிந்தது. பதினாலு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். ஒரு நாள் யாரையும் கேட்காமல் டிக்கெட் போட்டுவிட்டாள். பழகினவர்களை ஒருக்காப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வீட்டில் பட்டும் படாமலும் சொல்லிவைத்தாள்.

வழமையாக அவள் பயணம் என்றால் தெருப் பெண்கள் லிஸ்ட்டும் அளவுச் சட்டையுமாக வந்து நிற்பார்கள். இந்த முறை ஒருவருடைய லிஸ்ட்டையும் அவள் வாங்கவில்லை. கையில் ஒரு சின்னப் பை மட்டும். சாமான் எடுக்காமல் ஒருத்தி மெட்ராஸ் போகிறாள் என்றால் வேறு என்ன? ஆசுபத்திரிதான். ஊர் இரண்டே நாளில் முடிவு கட்டிவிட்டது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு வேன். வியாழன் காலை பக்கத்து வீட்டு சுஹைரா நோயாளி பார்க்கப் போகிற மாதிரித் தோடம்பழமும் நெஸ்டமோல்ட்டுமாக வந்து, கையைப் பிடித்துக்கொண்டு, ஹார்ட்டா கிட்னியா என்று கேட்டாள். இல்லையடி என்று சொல்லத்தான் நிஸா வாயெடுத்தாள். நோய் என்றால் மறுகேள்வி கேட்கமாட்டார்களே என்ற யோசனை அதற்குள் வந்து தொலைத்தது. ஒரு சின்னச் செக்கப் என்றாள். அவ்வளவுதான், வெள்ளி காலை வந்தவர்கள் இருக்க வீட்டில் கதிரை காணாது. பழைய வேலிச் சண்டைக்கு மாப்புக் கேட்டு ஒருத்தி விம்மி விம்மி அழுதாள். இவளும் சாகப்போகிறவளாட்டம் மாப்புக் கொடுத்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

வந்த சனமெல்லாம் வழியனுப்ப வந்தது என்றுதான் ஸைனுலாப்தீன் நினைத்திருந்தார். ஜும்ஆத் தொழுகைக்குப் போனால், பள்ளிவாசலில் அவருடைய வீட்டுக்காரியின் சுகத்துக்குத் துஆக் கேட்கிறார்கள். மனுஷன் முகத்தில் இரத்தம் இல்லாமல் வந்து, அவளை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"பயணத்த நிப்பாட்டுவம் புள்ள. நானும் பாஸ்போட் எடுக்கிறன். உன்னத் தனிய ஆசுபத்திரிக்கு அனுப்ப எனக்கு ஏலாது."

தொப்பியைக் கழற்றிக் கண்ணை ஒற்றினார். கலியாணம் முடித்த முப்பத்துமூன்று வருடத்தில் அவர் கண் கலங்கி அவள் பார்த்தது அவருடைய வாப்பா மவுத்தான அன்று மட்டும்தான். பொய்யைப் பிடித்துக்கொண்டிருந்தால் பயணம் போச்சு. உண்மையைச் சொன்னால் மானம் போச்சு. நிஸா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு நோய் வருத்தம் ஒண்டும் இல்ல. அந்த ஊரப் பாக்கோணும் போல கிடக்கு. வேற காரணம் இல்ல."

"அப்ப இவ்வளவு காலமும் போனது?"

"அதுக்குத்தான். சாறியெல்லாம் ஒரு சாட்டு."

அவர் கட்டிலில் பொத்தென்று இருந்தார். அல்ஹம்துலில்லாஹ் என்று இரண்டு தரம் சொன்னார். நிம்மதி வந்த பிறகுதான் கோபம் வரும் என்று அவள் காத்துக்கொண்டு நின்றாள். அவர் கோபிக்கவில்லை. அப்படி என்னதான் அங்கே இருக்கிறது என்று கேட்டார். இருபது வருடமாக ஒருவரும் கேட்காத கேள்வி! நிஸா கடற்கரை நிலையத்தில் தொடங்கினாள். ரயில், குழி, ரோஸ்மில்க், தேநீர்க்காரரின் கோபம் என்று இரண்டு கையையும் ஆட்டி ஆட்டிச் சொன்னாள். அவர் மறுகா என்ன, மறுகா என்ன என்று கேட்கக் கேட்க அவளுக்கு மூச்சு முட்டியது. ஆள் ஒரு இடத்தில் சிரித்தேவிட்டார். இவ்வளவு கதை இவளிடம் இருந்ததே அவருக்குத் தெரியாது.

வெளியே வேன் ஹோர்ன் அடித்தது. கதவைத் திறந்ததும் ஹோலில் எல்லாரும் எழும்பினார்கள், சுஹைரா கண்ணைத் துடைத்தாள். ஸைனுலாப்தீன் பையைத் தூக்கிக்கொண்டு, கடையில் விலை சொல்கிற குரலில் சொன்னார்.

"அவக்கு ஒரு நோயும் இல்ல. அவக்கு அந்த ஊரில விருப்பம். பாத்திட்டு வரப் போறா."

நிஸா முக்காட்டை இழுத்துவிட்டு வாசலைத் தாண்டினாள். ஓடவேண்டும் போல் இருந்தது, நடந்தாள். வேனில் ஏறி இருந்த பிறகு சுஹைரா அவசரமாக வந்து ஜன்னலில் கையை வைத்தாள். நோயில்லாததற்குக் கோபிக்கத்தான் வருகிறாள் என்று நிஸா நினைத்தாள். சுஹைரா பின்னால் ஒருக்காத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ராத்தா, சும்மா அப்பிடிப் போக ஏலுமா?"

"ஏலும்" என்றாள் நிஸா, தெருவுக்கே கேட்கும்படி.