எலிகளின் மருந்து

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் எலியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். எலிகளுக்குத் தீனி போடுவது, கூண்டு கழுவுவது, செத்ததைத் தூக்கி எறிவது எல்லாம் அவள் வேலை. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். மகன் கல்யாணம் செய்துகொண்ட கையோடு அவளைத் தலைமுழுகிவிட்டான். கூண்டைத் தூக்க முடிகிற வரைக்கும்தான் அவளுக்குச் சோறு. அந்த முதுகுதான் இப்போது வளைய ஆரம்பித்திருந்தது.

சின்ன வயதிலேயே அவளுக்குக் கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்துவிட்டார்கள். அதனால்தான் எலும்பு உளுத்துப்போகிறது என்றார் டாக்டர். ஆராய்ச்சி மேடத்தின் எலிகளுக்கும் அதே ஆபரேஷன்தான். எலும்பு உளுக்க வேண்டும் என்றே சினைப்பையை எடுத்துவிட்டு, ஏதோ ஒரு கொடியின் வேர்ச்சாறு அதைத் தடுக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

"நம்மள அறுத்தவன் ஒரே ஆள்தான் போல" என்று எலியம்மா கூண்டைப் பார்த்துச் சிரிப்பாள்.

தினமும் காலையில் சாற்றை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து எலிகளுக்குப் புகட்ட வேண்டும். ஒருநாள் அதைத் தன் வாயில் ஊற்றிக்கொண்டாள். எலிகளுக்கு வெறும் தேத்தண்ணீர். நிறம் ஒன்றுதான், ருசி சரியில்லை என்று எலி புகார் செய்யவா போகிறது? அதுவே பழக்கமாயிற்று. இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற முகம் அவளுக்கு, யாரும் சந்தேகப்படவில்லை. கொஞ்ச நாளில் முதுகுவலி விட்டது போலிருந்தது.

காலக்கெடு முடிந்ததும் எலிகளைக் கொன்று எலும்பை அளந்தார்கள். மருந்து கொடுத்த எலிக்கும் கொடுக்காத எலிக்கும் ஒரே லட்சணம். எலியம்மா வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வேலை போய்விடும்.

மறுநாள் மேடம் அழுத கண்ணோடு வந்தார்.

"ஆராய்ச்சிய நிறுத்தச் சொல்லிட்டாங்க, எலியம்மா. எலியே இல்லன்னா உங்களுக்கும் இங்க வேலை இல்ல."

தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? எலியம்மா சொல்லிவிட்டாள்.

"மருந்து மேல தப்பில்ல மேடம். எலி குடிச்சது தேத்தண்ணி. மருந்த நான்தான் குடிச்சேன். இப்ப வலியே இல்ல."

மேடம் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்படியா? நிமிர்ந்து நில்லுங்க பாப்போம்."

எலியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். பாதிக்கு மேல் முதுகு வரவில்லை. நொறுங்கின முதுகெலும்பை எந்த மருந்தும் நிமிர்த்தாது, மிச்சத்தைக் காப்பாற்றினாலே பெரிது. அது மேடத்துக்குத் தெரியாததா? ஆனால் அன்று அவர் கண்ணில் பட்டது அந்தக் கூன் மட்டும்தான்.

"வேலை போகுதுன்னா இப்படியா கதை கட்டுவீங்க? உங்கள எவ்வளவு நம்பினேன்."

மிச்சமிருந்த சாற்றுப் பாட்டில்களை மேடம் தொட்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்.

"எல்லாத்தையும் கொட்டிக் கழுவி வெச்சிட்டுப் போங்க."

எலியம்மா ஒவ்வொன்றாகத் திறந்து கொட்டினாள். கடைசிப் பாட்டில் காலியாகும் வரைக்கும் மேடம் அங்கேயே நின்றார்.