மலையின் பின்பக்கம்

மான்ட்ரியலில் குளிர்காலத்து நண்பகலில் என் நிழல் என்னைவிட நீளமாக விழுகிறது. வந்து இத்தனை வருடங்களாகியும் இது எனக்குப் பழகவில்லை. திருவண்ணாமலையில் சித்திரை மாதத்து உச்சிவேளையில் நிழலைத் தேடினால் அது செருப்புக்கு அடியில் ஒடுங்கிக் கிடக்கும். இங்கே பனியின் மேல் நீலமாக நீண்டு எனக்கு முன்னால் நடந்து போகிறது. வேறு யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எனக்கோ தொழிலே அதுதான். கணினியில் உருவாகும் காட்சிகளுக்கு ஒளியமைப்பவள் நான். இல்லாத சூரியனை எங்கே வைப்பது, இல்லாத மரத்தின் நிழல் எங்கே விழ வேண்டும் என்று முடிவு செய்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

முதலில் பல ஆண்டுகள் இங்கே ஒரு ஸ்டூடியோவில் சினிமாவுக்கு வேலை செய்தேன். ஒரு விநாடிப் படத்துக்கு இருபத்து நான்கு தனித்தனிப் படங்கள், அதாவது சட்டகங்கள், வேண்டும். ஒரே ஒரு சட்டகத்தைக் கணக்கிட்டு முடிக்கவே கணினிக்கு மணிக்கணக்காகும். மாலையில் வேலையை அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போவோம். அறை அறையாக அடுக்கிய இயந்திரங்கள் விடிய விடியக் கணக்குப் போடும். காலையில் வந்து திறந்து பார்த்து, பிசகு இருந்தால் திருத்தி, மறுபடி அனுப்பிவிட்டுக் காத்திருப்போம். ஆனால் சரியாக வந்துவிட்ட நாளில் மயிர்க்கூச்செறியும். கணினியில் செய்த முகம்தான், ஆனாலும் காதுமடலுக்குள் வெயில் புகுந்து சிவப்பாகக் கசிந்து வெளியே வரும். அதைப் பார்த்துக்கொண்டே காபியை ஆறவிட்ட காலைகள் பல.

ஊரில் என் அக்கா மல்லிகா, செங்கம் ரோட்டில் ஆசிரமம் பக்கம், வெளியூர்க்காரர்களுக்கு அறைகளை வாடகைக்கு விடுகிறாள். நான் வேலை செய்த படம் ஒன்று வந்தபோது தெருவில் பாதிப் பேரைத் திரட்டிக்கொண்டு தியேட்டருக்குப் போனாள். இடைவேளையில் போன் வந்தது.

"எதுடி நீ பண்ணது?"

"கடல் மேல மெதுவா வெளிச்சம் வந்துதே, அதுதான்க்கா."

"ஐயையோ, அப்பதான்டி தும்மிட்டேன்!"

அது மூன்று விநாடிக் காட்சி. நான் அதற்கு ஒரு குளிர்காலம் முழுவதையும் கொடுத்திருந்தேன்.

பிறகு அந்த ஸ்டூடியோவில் வேலை குறைந்து, ஒருநாள் எங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள். என் விசா அந்த வேலையோடு கட்டப்பட்டிருந்தது. சீக்கிரம் வேறு வேலை கிடைக்காவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான். வீடியோ கேம் செய்யும் ஒரு சிறிய நிறுவனம் மட்டும் தற்காலிகமாக எடுத்துக்கொண்டது. சினிமாக்காரியின் கர்வத்தோடுதான் அங்கே போனேன். விளையாட்டுப் படம் என்றால் பிளாஸ்டிக் முடியும் தார் பூசின மாதிரி நிழலும் என்பது என் எண்ணம்.

முதல் நாள் காலை குழுத்தலைவர் லூக் ஒரு காட்டைத் திறந்து கொடுத்து, சூரியனை நகர்த்தச் சொன்னார். மௌஸைப் பிடித்து இழுத்தேன். பிறகு வழக்கம்போலக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன்: "எப்போது வரும்?"

"எது?"

"படம்."

"பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாய்?" என்றார். என் ஆங்கிலம் புரியவில்லையோ என்று அவர் முழித்தார். அவர் கேலி செய்கிறாரோ என்று நான் முழித்தேன். மறுபடி மௌஸை இழுத்தேன். கிழக்கில் இருந்த சூரியன் என் விரலோடு மேற்கே போனது. ஆயிரம் மரங்களின் நிழல்களும் அதே கணத்தில் தரையில் சுழன்று திரும்பின. ஓடைத் தண்ணீரில் மினுமினுப்பு இடம் மாறியது. கூர்ந்து பார்த்தால் இலை ஓரங்கள் நடுங்கின. நிழலுக்குள் சினிமாவின் அந்த மென்மை இல்லை. ஆனாலும் விநாடிக்கு அறுபது முறை ஒரு காடு புதிதாகப் பிறந்துகொண்டிருந்தது. விரலை எடுக்க மனமில்லாமல் அன்று காலை முழுவதும் சூரியனை இங்கும் அங்கும் இழுத்துக்கொண்டிருந்தேன்.

சிறிய குழு என்பதால் விளையாட்டில் வரும் ஒரு மலையும் என் பொறுப்புக்கு வந்தது. யோசிக்காமலே கை நம் ஊர் மலையைத்தான் செய்தது. கோயில் பக்கமிருந்து பார்த்தால் தெரிகிற ஒற்றைச் சிகரம், காலை வெயில் பட்ட செம்பாறை. லூக் பார்த்தார். தலையசைத்தார். விளையாட்டை இயக்கும் கன்ட்ரோலரைக் கையில் எடுத்து, திரையில் மலையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடினார். அங்கே ஒன்றுமில்லை. முட்டை ஓடு போல உள்ளே வெறும் குழிவு.

"சினிமாவில் கேமரா அந்தப் பக்கம் போகாது," என்றேன்.

"இங்கே கேமரா இல்லை. விளையாடுகிற ஆட்கள். அவர்கள் எங்கே வேண்டுமானாலும் போவார்கள்," என்றார் லூக். அடுத்த வாரம் எல்லோரும் கூடிப் பார்ப்பார்கள் என்றும் சொன்னார். என்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதும் அன்றுதான் முடிவாகும் என்று அவர் சொல்லாமலே தெரிந்தது.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தேன். எத்தனையோ பௌர்ணமிக்குக் கிரிவலம் போனவள் நான். மலையின் பின்பக்கம் நினைவுக்கே வரவில்லை. கூட்டமும் பேச்சும் வழியில் வாங்கித் தின்ற சோளமும் நினைவிருந்தன, மலை இல்லை. இணையத்தில் தேடினால் எல்லாரும் ஒரே பக்கத்தைத்தான் எடுத்துப் போட்டிருந்தார்கள். எனக்கு இரவுச் சாப்பாட்டு நேரம், அக்காவுக்கு விடிகாலை. வீடியோவில் கூப்பிட்டேன்.

"மலையச் சுத்திக் காட்டணுமா? அதுக்கு இன்னா? மாமாவ வண்டி எடுக்கச் சொல்றேன்," என்றாள்.

மாமா ஸ்கூட்டர் ஓட்ட, அக்கா பின்னால் உட்கார்ந்து போனை மலை பக்கம் பிடித்துக்கொண்டாள். காட்சி கட்டம் கட்டமாக உடைந்தது. பாதி நேரம் அவள் முந்தானைதான் தெரிந்தது.

"தெரியுதாடி?"

"தெரியுதுக்கா. கொஞ்சம் மெதுவா போகச் சொல்லு."

"ஏங்க, மெதுவா போங்க. அவ வேலை விஷயம்."

மலைக்குப் பின்னால் இருக்கிற அடி அண்ணாமலை வந்ததும் படம் இருண்டது. "இந்தப் பக்கம் இன்னும் வெயிலே வரல. குளிரு ஜாஸ்தியா இருக்கு," என்றாள். கிழக்கே சூரியன் எழுந்திருக்க, மேற்குப் பக்கம் மலை தன் நிழலுக்குள்ளேயே நின்றது. விளிம்பில் மட்டும் பொன்கம்பி போல ஓர் ஒளிக்கோடு. இன்னும் கொஞ்ச தூரம் போனதும் அந்த ஒற்றைச் சிகரம் மெல்லப் பிரிந்து, ஐந்து முகமாக விரிந்தது.

"நில்லுக்கா!" என்று கத்தினேன். வண்டி நின்றது. "கீழ காட்டு." போன் கீழே இறங்கியது. புல், முள்செடி, ஈரப் பாறை.

என் வாழ்வில் பார்த்தவற்றிலேயே மோசமான தரமுள்ள படம் அது. ஆனால் நில் என்றால் நின்றது, காட்டு என்றால் காட்டியது. உலகின் அந்தப் பக்கத்தில் உதித்துக்கொண்டிருந்த வெயில், இங்கே என் சாப்பாட்டு மேசையில் என் சொல்லுக்கு அசைந்தது. சோறு ஆறியதே தெரியாமல் கை கழுவாமல் உட்கார்ந்திருந்தேன்.

அன்று பார்த்ததை வைத்துப் பின்பக்கத்தைச் செய்து முடித்தேன். அடுத்த வாரம் லூக் எல்லோர் முன்னும் திரையில் அந்த மலையைச் சுற்றி நடந்தார். மேற்கே நிழலுக்குள் நுழைந்ததும் ஒருவர் தன்னையறியாமல் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டார். சுற்றி முடித்த லூக் மறுபடி முதலிலிருந்து நடக்கத் தொடங்கினார். கடைசியில், "உன் நாட்டை அப்படியே கொண்டுவந்துவிட்டாய்," என்றார். வேலை நிரந்தரமானது.

விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது லேப்டாப்பைக் கொண்டுபோய் அக்காவின் வரவேற்பறை மேசையில் வைத்து, விளையாட்டில் வரும் பெண்ணை நடத்தச் சொல்லிக் கன்ட்ரோலரை அவள் கையில் கொடுத்தேன். முதலில் புதருக்குள் போய் முட்டிக்கொண்டாள். பிறகு பிடிபட்டது.

"ஏய், நான் திரும்புனா அதுவும் திரும்புதுடி!" என்று கத்தினாள். வாய் லேசாகத் திறந்திருக்க, வெயிலும் நிழலும் முகத்தில் மாறி மாறி விழ, நடந்துகொண்டே இருந்தாள். தியேட்டரில் தவறவிட்டதை எல்லாம் சேர்த்துப் பார்ப்பது போலிருந்தது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்:

"எந்த ஊருடி இது? வெளிநாடா?"

"நம்ம மலைக்கா. நீதானே சுத்திக் காட்டின."

ஜன்னல் வழியே மலையைப் பார்த்தாள். திரும்பித் திரையைப் பார்த்தாள். "ஒரு கடை இல்ல, ஒரு ஒயர் இல்ல, ஆளே இல்ல. நம்ம ஊரு எங்கடி இப்படி இருக்கு?"

அங்கே லூக் இதை என் நாடு என்றார். இங்கே அக்கா இதை வெளிநாடு என்கிறாள். அதற்குள் மாடி அறைக்காரர் ஒருவர் சாவி கேட்டு வந்து நிற்க, அவள் கன்ட்ரோலரை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். ஜன்னலுக்கு வெளியே மலையின் தலையில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. திரையில், அக்கா நடத்திக்கொண்டு வந்த பெண் பாதி வழியில் நின்றாள். காற்றில் அவளைச் சுற்றிப் புல் அசைந்தது. எந்தப் பக்கம் போவது என்று அவள் என் விரலுக்காகக் காத்திருந்தாள்.